கப்பலில் புளிக்காய்ச்சல்

சுண்ணாம்புப் பாறையைப் பார்ப்பதற்கென்றே விமானம் ஏறிய கூட்டம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஊரில் வாசலுக்கு வந்தால் சுண்ணாம்புக்கல் லாரி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம். தும்மினால் சிமெண்டு. இது போதாதென்று, மூட்டைகளை நிறைய விற்றுக் கொடுத்த டீலர்களுக்குப் பரிசு என்று கம்பெனிக்காரர்கள் எங்களை வியட்நாமுக்குக் கூட்டிப்போய், ஒரு சின்னக் கப்பலில் ஏற்றி, ஹாலாங் கடலுக்கு நடுவே நிற்கிற சுண்ணாம்புப் பாறைகளைக் காட்டி, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார்கள்.

நல்லாத்தான் இருக்கிறது. கீழே தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்.

நான் குன்னத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். பெயர் செல்வராசு. வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பியே விளைகிற ஊர் எங்களுடையது. தண்ணீர் என்பது வானத்தைப் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டிய பொருள். அதை இவ்வளவு மொத்தமாக, அதுவும் காலுக்குக் கீழே வைத்துப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை. நீச்சல் தெரியுமா என்று கேட்காதீர்கள். எங்கள் ஏரியில் நீந்தினால் முட்டியில் சிராய்ப்புத்தான் மிஞ்சும்.

தண்ணீர் பயமாவது என்னோடு போகும். கூட வந்த ஆள்தான் பெரிய பயம். எங்கள் அறையில் இரண்டு கட்டில். ஒன்று எனக்கு. இன்னொன்று அரியலூர் கொளஞ்சிநாதனுக்கு. அவரும் டீலர்தான். அவர் பையன் பிரபுவும் என் பெண் திவ்யாவும் பெரம்பலூரில் ஒரே காலேஜில் படித்தவர்கள். படிப்போடு வேறொரு முடிவையும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். எங்கள் வீட்டில் சரி என்றாகிவிட்டது. அவர் வீட்டுப் பெண்களும் சரி என்றுவிட்டார்கள். பாக்கி கொளஞ்சி ஒருவர். அவர் சொல்லியனுப்பிய பதில் இதுதான்: "செல்வராசு டூருக்கு நம்ம கூடத்தானே வராரு. மனுசன் எப்படின்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

அதாவது பெண் பார்க்கும் படலம். பெண்ணுக்குப் பதிலாக நான். காபித் தட்டு ஒன்றுதான் குறை.

கிளம்புகிற அன்று திவ்யா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "அப்பா, ப்ளீஸ்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அவள் அம்மா மல்லிகா சொன்னாள்.

"இங்க பாருங்க, அங்க போயி ஜோக் அடிக்கக் கூடாது. உங்க ஜோக்கு நம்ம வூட்டோட இருக்கட்டும். அப்புறம் அவரை அண்ணேன்னு கூப்பிட்டுத் தொலைக்காதீங்க. நீங்க அவருக்குத் தம்பின்னா புள்ளைங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிடும். அவரு மரியாதை பாக்குற மனுசன். எதுலயும் அவருக்கு முன்னாடி போவாதீங்க."

"சம்பந்தின்னு கூப்பிடவா?"

"அவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியேவா? அலையுறோம்னு நினைக்க மாட்டாங்க?"

அண்ணே கூடாது. சம்பந்தி கூடாது. மச்சான் என்றால் உரிமை அதிகம். சார் என்றால் வசூலுக்கு வந்தவன் மாதிரி இருக்கும். கடைசியில் டீலர்களுக்குள் கூப்பிட்டுக்கொள்கிற 'முதலாளி'யைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என்னை முதலாளி என்றார். இரண்டு முதலாளிகள், ஒரு அறை, ஒரு வேலையாள்கூடக் கிடையாது.

மல்லிகா இன்னொரு காரியமும் செய்தாள். ஒரு பையில் முறுக்கு, பருப்புப்பொடி, ஒரு பெரிய பாட்டில் நிறையப் புளிக்காய்ச்சல் எல்லாம் வைத்துக் கொடுத்தாள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் உறுதியாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். "ஒரு வாய் சாப்பிட வச்சிடுங்க, காரியம் முடிஞ்சுது" என்றாள் மல்லிகா. எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்கிற அதே முகம்.

முதல் நாள் கப்பலேறியதும் உயிர்காப்பு உடை போடும் பயிற்சி. வழிகாட்டிப் பெண் லின், எப்படி மாட்டுவது, எந்த வாரை எங்கே இழுப்பது என்று சிரித்துக்கொண்டே காட்டினாள். எல்லாரும் போட்டார்கள், கழற்றினார்கள். நான் போட்டேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னும் கழற்றவில்லை என்று தெரிந்தது. கொளஞ்சி என்னையே பார்த்தார்.

"குளிருதுங்களா முதலாளி?"

"லேசா குளிருதுங்க முதலாளி" என்றேன். நெற்றியில் வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாடு வந்தது. சிப்பி, நண்டு, இறால், பேர் தெரியாத இரண்டு மீன். கொளஞ்சி கையைக் கூப்பினார். "புரட்டாசிங்க. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு மாசம் முழுக்க விரதம்." நான் யோசிக்கவே இல்லை. "நானும்தாங்க!" என்று வாய் சொல்லிவிட்டது. இதுவரை எந்தப் புரட்டாசியிலும் நான் ஒரு கோழியைக்கூட மன்னித்ததில்லை. வெண்ணெயில் வறுத்த பூண்டு மணத்தோடு ஒரு தட்டு இறால் என் மூக்கைத் தொட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போயிற்று. அதற்கு ஒரு நமஸ்காரம் செய்யாததுதான் பாக்கி.

சைவம் என்று சொன்னதும் முட்டைக்கோஸ் வதக்கிக் கொண்டுவந்தார்கள். கொளஞ்சி வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். மீன் வாடை. லின்னைக் கூப்பிட்டுக் கேட்டோம். "மீனே இல்லை சார். மீன் சாஸ் மட்டும்தான்" என்றாள். எதில்தான் அது இல்லை என்று கேட்டோம். அவள் நிஜமாகவே யோசித்தாள். "வெறும் சோறு. அப்புறம் பழம்." அந்த டிராகன் பழம் வெளியே பார்த்தால் கல்யாணப் பந்தல் ஜோடனை, உள்ளே கடித்தால் தண்ணீரில் ஊறிய ஜவ்வரிசி. அன்று இரவு கொளஞ்சியின் சாப்பாடு அதுதான்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். விமானத்தில் எங்கேயோ பாட்டில் மூடி இளகியிருக்கிறது. புளிக்காய்ச்சல் கசிந்து என் இரண்டு வேட்டிகளையும் தாளித்திருந்தது. நல்லெண்ணெய், பெருங்காயம், வறுத்த வெந்தயம் எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறையை எங்கள் சமையலறையாகவே ஆக்கிவிட்டன. கொளஞ்சி ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்தார்.

"கொஞ்சம் எடுத்துக்குறீங்களா முதலாளி? முறுக்கும் இருக்குது."

"வேணாங்க. முறை இருக்குல்ல." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் எச்சில் விழுங்குகிற சத்தம் அலைச் சத்தத்தை விடத் தெளிவாகக் கேட்டது.

அந்த அறையின் இன்னொரு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். குளியலறைக்குச் சுவர் கிடையாது. கண்ணாடி. எந்தப் புண்ணியவான் எந்தப் புதுமணத் தம்பதியை மனதில் வைத்துக் கட்டினானோ தெரியாது, அதற்குள் வந்து சேர்ந்தது நாங்கள். ஒருவர் குளிக்கப் போனால் இன்னொருவர் மேல்தளத்துக்குப் போய் இயற்கையை ரசிக்க வேண்டும். நான் அத்தனை இயற்கையை என் ஆயுளில் ரசித்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் மேல்தளத்தில் மெதுவாகக் கையை ஆட்டுகிற உடற்பயிற்சி. ஈ ஓட்டுவதை இவ்வளவு நிதானமாகச் செய்தால் கடையில் ஒரு ஈயும் போகாது. பிறகு கரைக்குப் போய்க் குகை பார்க்கும் ஏற்பாடு. கப்பலிலிருந்து சின்ன இயந்திரப் படகுக்குக் காலை வைத்துத் தாண்ட வேண்டும். நடுவே ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளியில் கடல்.

"நீங்க ஏறுங்க முதலாளி" என்றேன். மல்லிகாவின் உத்தரவு அப்படி. என் கால்களின் விருப்பமும் அப்படித்தான்.

"சேச்சே, நீங்கதான் முதல்ல. நீங்க ஏறுங்க."

"பொண்ணு வூட்டுக்காரன் முந்தலாமுங்களா?"

"மரியாதைக்கு ஒரு அளவு இருக்குதுங்க, ஏறுங்க."

பின்னால் ஒரு வயதான ஆஸ்திரேலியத் தம்பதி நின்றிருந்தார்கள். "ஏன் இவர்கள் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். "அவர்கள் நாட்டு நடனமாக இருக்கலாம், தொந்தரவு செய்யாதே" என்றார் புருஷன். அவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். எல்லாரும் ஏறினார்கள். படகுக்காரன் எங்களைப் பார்த்தான், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கை காட்டிக்கொண்டே இருந்தோம். படகு போய்விட்டது.

அடுத்த படகு வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கூட்டம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் குகை வாசலோடு சரி. அங்கே தரையிலிருந்து தூண் மாதிரி எழும்பி நின்ற ஒரு பாறையைப் பார்த்துக் கொளஞ்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம கல்லங்குறிச்சிப் பெருமாளும் கம்பமாத்தானே நிக்கிறாரு" என்றார். பிறகு அதே பாறையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "நல்ல கல்லுங்க. நம்ம ஆலத்தியூர் சிமெண்டு ஆலைப் பக்கம் இருந்திருந்தா இந்நேரம் மூட்டையாகியிருக்கும்."

லின் பெருமையாகச் சொன்னாள்: "இந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் உருவானது, தெரியுமா?" தெரியும் அம்மா. எங்கள் சுரங்கத்தில் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். அரியலூரும் ஒரு காலத்தில் கடல்தான். எங்கள் கடல் புத்தியுள்ள கடல். நாங்கள் வருவதற்கு முன்பே போய்விட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மல்லிகா ஞாபகம் வந்து விழுங்கினேன். நான்கு நாள் ஜோக் அடிக்காமல் இருப்பது வயிற்றுக்கு ஆகாது. எனக்கு அன்று மத்தியானமே உப்புசம்.

அந்த உப்புசத்துக்கு மருந்தாகத்தான் சமையலறைப் பக்கம் போய், சமையல்காரர் நீட்டிய இரண்டு இறாலை வாயில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வந்தது வினை. பாறைகளுக்கு நடுவே குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சுரங்க வழி. அதைத் தாண்டினால் உள்ளே குளம் மாதிரிக் கடல். போவதற்கு இரண்டு வழி சொன்னாள் லின். மூங்கில் படகென்றால் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் துடுப்புப் போடுவார், நாம் உட்கார்ந்திருந்தால் போதும். கயாக் என்றால் முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும், இரண்டு பேர், நாமேதான் துடுப்புப் போட வேண்டும்.

அந்தக் கயாக்குகள் என்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று ஒரு பாதுகாப்புக்காகப் பார்த்தேன். கொளஞ்சி அதைக் கவனித்துவிட்டார்.

"கயாக்குல போலாம்னு பாக்குறீங்களா முதலாளி?"

இல்லை என்றால் பயந்தவன். பயந்தவன் பெண்ணை எடுப்பார்களா? "உங்களுக்கு ஆசைன்னா எனக்கு ஒன்னும் இல்லீங்க" என்றேன்.

அவர் தண்ணீரை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "நீங்க ஆசைப்பட்டு நான் தட்டுவேனுங்களா? வாங்க, போலாம்."

ஏறினோம். எப்படி ஏறினோம் என்பது எனக்கு ஞாபகம் இல்லை, கண்ணை மூடியிருந்தேன். அவர் முன்னால், நான் பின்னால்.

"எடப்பக்கம் போடுங்க முதலாளி."

"சரிங்க முதலாளி. நீங்களும் போடுறீங்களா?"

"நீங்க போட்டு முடிங்க, அப்புறம் நான் போடுறேன்."

இந்த மரியாதையில் வண்டி ஒரே இடத்தில் செக்கு மாடு மாதிரிச் சுற்றியது. மூங்கில் படகில் ஆஸ்திரேலியத் தம்பதி கை ஆட்டிக்கொண்டே கடந்து போனார்கள். இரண்டாவது சுற்றில் நாங்கள் ஒரு பாறையை முட்டினோம். மூன்றாவதில் அதே பாறையை மறுபக்கம் முட்டினோம்.

"கொஞ்சம் சேந்து போடுங்க முதலாளி!"

"நான் சேந்துதாங்க போடுறேன். நீங்கதான் மாத்தி மாத்திப் போடுறீங்க."

"முன்னாடி உக்காந்துருக்குற எனக்குத் தெரியாதா? ஆசைப்பட்டு வந்தீங்கல்ல, ஒழுங்காப் போடுங்க."

"நானா ஆசைப்பட்டேன்? நீங்கதானே ஆசைப்பட்டீங்க!"

துடுப்பு நின்றது. கொளஞ்சி மெதுவாகக் கழுத்தை மட்டும் திருப்பினார். "என்ன சொல்றீங்க? எனக்குத் தண்ணின்னாலே ஆவாது. நேத்து அந்தப் படகுல ஏற பயந்துகிட்டுத்தான் உங்களை முன்னாடி போவச் சொன்னேன்."

"அடப்பாவி! நானும் அதுக்குத்தான்யா சொன்னேன்!"

"யாரு பாவி? யோவ், விரதம்னு சொல்லிட்டு நேத்து சமையக்கட்டுல நின்னு இறால் தின்னியே, நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"தின்னேன், அதுக்கென்ன இப்ப? பசிச்சுது தின்னேன். உனக்குப் பசிக்கலையா? எங்க வூட்டுப் புளிக்காய்ச்சலை மோந்து மோந்து பாத்துகிட்டுத் தூங்காம கெடக்குறியே, எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய படகு போனது. அதன் அலை வந்தது. அலை வந்தால் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று லின் சொல்லியிருந்தாள். ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பதுதான் வழக்கம். நான் எழுந்து நின்றேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது உப்பு. மூக்கில், காதில், இதுவரை உப்பு போகாத இடங்களில் எல்லாம் உப்பு. உயிர்காப்பு உடை என்னைத் தக்கை மாதிரி மேலே கொண்டுவந்து போட்டது. முங்க நினைத்தாலும் முங்க முடியாது. அது புரிகிற நிலையில் நான் இல்லை. கைக்குக் கிடைத்தது கொளஞ்சியின் கழுத்து. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"மச்சான்! விட்டுடாதடா மச்சான்!"

"மாப்ள, கழுத்த விடுய்யா! மூச்சு முட்டுது! பெருமாளே, இவனப் புடிச்சு இழுங்களேன்!"

மூங்கில் படகுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து, துடுப்பைக் கொடுத்து, காலரைப் பிடித்து எங்களை ஒவ்வொருவராக உள்ளே இழுத்துப் போட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். எங்களைக் காட்டி ஏதோ கேட்டார். அதற்குள் இன்னொரு படகில் வந்து சேர்ந்த லின் மொழிபெயர்த்தாள்: "தண்ணீருக்குள்ளும் சண்டை போடுகிறீர்களே, நீங்கள் இருவரும் அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்."

"இல்லை!"

இரண்டு குரல் ஒன்றாகக் கத்தியது. ஒன்று என்னுடையது. இன்னொன்று என்னுடையதை விடச் சத்தமாக இருந்தது.

லின் பயந்துபோய்ப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கொளஞ்சி பாறைகளைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அண்ணன் தம்பி என்றால் அவருக்கு ஏன் அவ்வளவு பதற்றம்? ஆனாலும் என் பயம் போகவில்லை. ஒரு பெரிய மனிதரை அடப்பாவி என்று சொல்லி, வாடா போடா போட்டு, கழுத்தை நெரித்திருக்கிறேன். திவ்யா காலரைச் சரிசெய்த விரல்கள் கண் முன்னால் வந்தன. கொளஞ்சியின் செருப்பு ஒன்று கடலோடு போயிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கப்பல் வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

மத்தியானச் சாப்பாடு. வழக்கம்போல நண்டு வந்தது, சிப்பி வந்தது. கொளஞ்சி பரிமாறுகிற பையனிடம் வெறும் சோறு கேட்டார். ஒரு கிண்ணம் வந்தது. இன்னொன்று கேட்டார். தட்டில் கொட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தப் பாட்டிலை எடுத்தா."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று எனக்கே சந்தேகம். "எந்தப் பாட்டில்... முதலாளி?"

"நாலு பாட்டிலா வச்சுருக்க? மூணு நாளா அந்த வாசத்துல படுத்து எந்திரிக்கிறேன், மனுசனா நீ? போயி எடுத்தாய்யா."

படிக்கட்டில் நான் ஓடிய ஓட்டத்தைக் கப்பல் தாங்கியது பெரிய விஷயம். பாட்டிலில் பாதிதான் மிச்சம். வழித்து ஊற்றினேன். அந்த ஊர்ச் சோறு பிசினாக ஒட்டும். அதை அவர் அஞ்சு விரலாலும் பிரித்துப் பிரித்துப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பக்கத்து மேசை ஆஸ்திரேலிய அம்மா முள்கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கொளஞ்சி கண்ணைத் திறந்தார். "எண்ணெய் கொஞ்சம் தூக்கல்" என்றார். "வெந்தயம் இன்னும் ஒரு வறுப்பு வறுத்துருக்கலாம்."

சாப்பிட்டதைக்கூட விடுங்கள். பெண் வீட்டுச் சமையலில் குற்றம் கண்டுபிடித்துவிட்டார். இதற்கு மேல் சம்பந்தி என்பதற்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

மேல்தளத்தில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று மல்லிகாவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டுட்டாரு" என்றேன்.

"யாரு? என்னத்த?"

"கொளஞ்சி. நம்ம புளிக்காய்ச்சல். ரெண்டு கிண்ணம் சோறு போட்டு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைத்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "ஏ திவ்யா, இங்க ஓடியா!" என்று ஒரு கத்தல்.

"மல்லிகா, இனிமே ஜோக் அடிக்கலாமா?"

"கல்யாணம் முடியட்டும்" என்றாள்.

கீழேயிருந்து கொளஞ்சியின் குரல், வாய் நிறையச் சோற்றோடு, கப்பல் முழுக்கக் கேட்டது: "யோவ் சம்பந்தி, முறுக்கு இருக்குதுன்னு சொன்னியே, அது எங்க?"